தோட்டப்புற நகரில் தனிநபர் வணிகம்: எஸ்எஸ்எம் பதிவு தருவதும் தராததும்

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களில் வணிகப் பதிவுக்குப் போகிறவர்களில் பலர் தாமாக நினைத்துப் போவதில்லை; யாரோ கேட்டார்கள் என்பதற்காகப் போகிறார்கள். செம்பனைத் தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலையைக் குத்தகைக்கு எடுத்தவரிடம், பணத்தை வணிகப் பெயரிலுள்ள வங்கிக் கணக்கில்தான் போட முடியும் என்று தோட்ட அலுவலகம் சொல்லிவிடுகிறது. வீட்டில் முறுக்கும் அதிரசமும் சுட்டுக் கடைகளுக்குப் போடும் அம்மாவிடம் கடைக்காரர் ரசீது கேட்கிறார். கடனுக்கு விண்ணப்பிக்கிறவரிடம் முதலில் கேட்கப்படுவது பதிவுச் சான்றிதழ். இப்படிப் பலரும் கேட்டுக் கேட்டே, எஸ்எஸ்எம் எனும் மலேசிய நிறுவன ஆணையத்தின் பதிவை எடுத்துவிட்டால் வணிகத்துக்கு வேண்டியதெல்லாம் எடுத்தாயிற்று என்ற எண்ணம் மக்களிடையே வேரூன்றிவிட்டது. அந்தத் தாள் உண்மையில் செய்வது மிகச் சிறிய காரியம்: இன்னார் இந்தப் பெயரில், இந்த இடத்தில், இந்த வணிகம் செய்கிறார் என்று பொதுப் பதிவேட்டில் எழுதிவைக்கிறது. அந்த ஆளைத் தவிர ‘நிறுவனம்’ என்று தனியே ஒன்று சட்டத்தின் கண்ணில் பிறப்பதில்லை. தனிநபர் வணிகத்தின் எளிமைக்கும் அதன் ஆபத்துகளுக்கும் வேர் இந்த ஒன்றுதான்.

தீபகற்ப மலேசியாவிலும் லாபுவானிலும் இதற்கான சட்டம் 1956-ஆம் ஆண்டின் வணிகப் பதிவுச் சட்டம். சபா, சரவாக் மாநிலங்களுக்கு வேறு ஏற்பாடுகள் உள்ளன. வணிகப் பதிவாளர், நிறுவனப் பதிவாளர் என்று முன்பு இரண்டாக இருந்த அலுவலகங்கள் 2002 ஏப்ரலில் இணைக்கப்பட்டு, சுருஹஞ்சாயா ஷரிக்காட் மலேசியா, அதாவது எஸ்எஸ்எம், உருவானது. வணிகம் தொடங்கிய நாளிலிருந்து 30 நாட்களுக்குள் பதிந்தாக வேண்டும். பதியாமல் நடத்துவதற்கும், பதிவு காலாவதியான பிறகு தொடர்ந்து நடத்துவதற்கும் சட்டம் வைத்திருக்கும் உச்சத் தண்டனை 50,000 ரிங்கிட் அபராதம், இரண்டாண்டுச் சிறை, அல்லது இரண்டும். ஆண்டுக்கு 60 ரிங்கிட் கட்டும் ஒரு பதிவுக்கு இவ்வளவு கடுமையான தண்டனையா என்று தோன்றலாம். கடன் கொடுக்கிறவரும் சரக்கு அனுப்புகிறவரும் தாம் யாருடன் வியாபாரம் செய்கிறோம் என்பதை அறிந்துகொள்ள அந்தப் பதிவேடு ஒன்றே வழி என்பதால்தான் இத்தனைக் கண்டிப்பு.

கட்டணத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. அடையாள அட்டையில் உள்ளபடி தகப்பன் பெயரோடு சேர்த்துத் தம் சொந்தப் பெயரிலேயே வணிகம் செய்தால் ஆண்டுக்கு 30 ரிங்கிட். அதனுடன் ‘டிரேடிங்’, ‘எண்டர்பிரைஸ்’ என்று ஒரு சொல் ஒட்டினாலும் அது வணிகப் பெயராகி, முன்கூட்டியே ஒப்புதல் பெற வேண்டியதாகவும் 60 ரிங்கிட் கட்ட வேண்டியதாகவும் ஆகிறது. கிளை ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு 5 ரிங்கிட். ஒரு தடவையில் ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரை கட்டிவைக்கலாம். ஐந்தாண்டுக்குக் கட்டிவிடுவதே புத்திசாலித்தனம் என்பது என் எண்ணம், ஏனென்றால் இங்கே பதிவை இழப்பவர்கள் பெரும்பாலும் பணமில்லாமல் இழப்பதில்லை, தேதியை மறந்துதான் இழக்கிறார்கள். ஈப்போவிலுள்ள அலுவலகத்துக்கும் போகலாம்; அடையாளத்தை உறுதிசெய்து கணக்குத் திறந்துகொண்டால் இணையத்திலேயே முடித்துவிடலாம்.

2019 அக்டோபருக்குப் பின் தரப்படும் பதிவு எண்ணில் 12 இலக்கங்கள் இருக்கும். முதல் நான்கு இலக்கங்கள் பதிந்த ஆண்டைக் காட்டும். அடுத்து 03 என்று வந்தால் அது தனிநபர் வணிகமோ கூட்டு வணிகமோதான், 01 என்று வந்தால் செண்டிரியான் பெர்ஹாட் (தனியார் வரையறுக்கப்பட்ட நிறுவனம்) போன்ற உள்நாட்டு நிறுவனம். கையில் வரும் ரசீதில் இந்த இரண்டு இலக்கங்களைப் பார்த்தாலே, பணம் வராவிட்டால் யாரைப் பிடிப்பது என்பது ஓரளவு தெரிந்துவிடும். பெயரைப் பொறுத்தமட்டில், பதிந்துவிட்டதால் அது தமக்கே உரியதாகிவிட்டது என்று நம்ப வேண்டாம். பெயருக்கும் சின்னத்துக்கும் தனியுரிமை வேண்டுமானால், 2019-ஆம் ஆண்டின் வணிகச்சின்னச் சட்டப்படி, அறிவுசார் சொத்துக் கழகமான மைஐபோவில் தனியாகப் பதிய வேண்டும்.

யார் பதியலாம் என்பது தோட்டப்புறத்தில் சாதாரணக் கேள்வி அல்ல. 18 வயது நிறைந்த குடிமக்களும் நிரந்தரவாசிகளும் பதியலாம். ஆகவே சிவப்பு அடையாள அட்டை வைத்திருப்பவருக்குத் தடையில்லை. தற்காலிகவாசிகளுக்கான பச்சை அட்டை வைத்திருப்பவருக்கும், பிறப்புப் பத்திரச் சிக்கலால் எந்த அட்டையுமே இல்லாதவருக்கும் இந்தக் கதவு திறப்பதில்லை. இந்நாட்டிலேயே பிறந்து, பால்மரக் காட்டிலேயே வளர்ந்து, பத்திரம் மட்டும் சரியாக அமையாதவர்கள் நம் குடும்பங்களில் இருக்கிறார்கள். அவர்கள் நடத்தும் ஒட்டுக்கடை மச்சான் பெயரிலோ மருமகள் பெயரிலோ இருப்பது இதனால்தான். தேவையால் வரும் இந்தப் பழக்கம், தேவையே இல்லாத இடங்களுக்கும் பரவியிருப்பதைப் பின்னால் பார்ப்போம்.

பதிவு, உரிமம் அல்ல. கடை திறக்கவும் பெயர்ப்பலகை மாட்டவும் உரிமம் தருவது ஊராட்சி மன்றம். சுங்கை சிப்புட்டுக்கு அது கோலகங்சார் நகராண்மைக் கழகம். எஸ்எஸ்எம் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டகத்தில் போட்டுச் சுவரில் மாட்டியிருப்பவரின் தள்ளுவண்டியை அமலாக்க அதிகாரிகள் தூக்கிப்போவதைப் பார்த்து, “எஸ்எஸ்எம் இருக்கும்போதே இப்படியா?” என்று மக்கள் ஆத்திரப்படுவதுண்டு. ஆத்திரத்தில் நியாயம் இருக்கலாம், வாதத்தில் இல்லை. பெயர்ப்பலகையில் தமிழ் இருக்கலாம், ஆனால் தேசிய மொழியே முதன்மையாகத் தெரிய வேண்டும். மலாய் வாசகத்துக்கு, தேசிய மொழி நிறுவனமான டேவான் பஹாசா டான் புஸ்தாகாவின் சரிபார்ப்பும் தேவைப்படும். உணவு வணிகம் என்றால் 2009-ஆம் ஆண்டின் உணவுச் சுகாதார விதிகள் வந்து நிற்கும்: உணவைக் கையாளுகிறவர் பயிற்சி முடித்திருக்க வேண்டும், டைபாய்டு தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். கட்டுமான வேலை எடுப்பவர் கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியமான சிஐடிபியிலும் பதிய வேண்டும்.

பொறுப்பு என்ற விஷயத்துக்கு வருவோம். செண்டிரியான் பெர்ஹாட் ஒன்று கடன்பட்டால் அது அந்த நிறுவனத்தின் கடன். பங்குதாரர் போட்ட முதலோடு தப்பித்துக்கொள்ளலாம். தனிநபர் வணிகத்தில் அப்படி நடுவில் நிற்கும் சுவர் கிடையாது. சரக்குக் கடை பாக்கி, லோரித் தவணை, வேலையாளுக்குக் கட்டாமல் விட்ட சேமநிதி, வாடிக்கையாளர் போட்ட நஷ்டஈட்டு வழக்கு ஆகிய அனைத்தும் உரிமையாளரின் சொந்தக் கடன்களாகவே கருதப்படும். தோட்டத்தை விட்டு வெளியேறியபோது கிடைத்த பணத்தைப் போட்டு, பல வருடங்கள் தவணை கட்டி வாங்கிய தாமான் (குடியிருப்புப் பேட்டை) வீடும் அந்தக் கடனுக்குப் பதில் சொல்ல வேண்டிவரும். கடன் 100,000 ரிங்கிட்டை எட்டினால், தீர்ப்புப் பெற்ற, கடன் கொடுத்தவர் திவால் நடவடிக்கைக்குப் போகலாம். திவாலானவர் அனுமதியின்றி வெளிநாடு போகவோ தம் பெயரில் வணிகம் நடத்தவோ முடியாது.

சுங்கை சிப்புட்டிலேயே பிறந்த, அன்றைய அமைச்சர் துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, துண்டு துண்டாக விற்கப்பட்டுக்கொண்டிருந்த தோட்டங்களைத் தொழிலாளர்களே பங்கு போட்டு வாங்குவதற்கு ஒரு வழி பிறந்தது. அன்றைக்கு உடைமை என்பது கூட்டமாகச் சேர்ந்து அடைந்த ஒன்று. லாபமும் பலர் கையில், நஷ்டமும் பலர் தலையில். தொழிலாளர்கள் குடியிருந்த லயன் வீடுகள் காலியாகி, பால்மரம் போய் செம்பனை வந்து, நிர்வாகங்கள் பல வேலைகளை வெளியாளுக்குக் குத்தகை விடத் தொடங்கிய பிறகு, தோட்டத் தொழிலாளியின் பிள்ளை தனியாளாக உரிமையாளர் ஆனார். அவருடைய தகப்பனாருக்கு முதலாளி ஒருவர் இருந்தார், சங்கம் ஒன்று இருந்தது. இவருக்கு இருப்பது ஒரு பதிவு எண்.

இத்தனையும் ஒரே ஆளின் மேல் விழும் ஏற்பாட்டில்தான், “பெயரை மட்டும் கொடு” என்ற கேட்பு நடக்கிறது. பழைய கடனால் வங்கியில் பெயர் கெட்டவர், அரசாங்க வேலையில் இருப்பதால் தம் பெயரில் போட விரும்பாதவர், இன்னொரு மானியத்துக்கு மனுப்போட நினைப்பவர் ஆகியோர் மனைவியின் பெயரிலோ தங்கையின் பெயரிலோ பதிகிறார்கள். அந்தப் பெண் கடைப்பக்கம் ஒரு நாளும் உட்கார்ந்திருக்க மாட்டார். காசோலையில் மட்டும் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். ஆனால் சரக்குக் கடனுக்கான வழக்கறிஞர் கடிதம், வருமான வரி நோட்டீஸ், வேலையாள் தொழில் நீதிமன்றத்தில் போட்ட புகார் ஆகிய எல்லாமே அவருடைய பெயருக்குத்தான் வரும். ‘நடத்தியது அவர், பெயர்தான் என்னுடையது’ என்று பின்னால் சொல்வது அவரைக் காப்பாற்றாது. குடும்பத்துக்குள்ளே கேட்கும்போது மறுப்பது கஷ்டம் என்பதை நான் அறிவேன். எனினும், கையெழுத்துப் போடும் முன் பற்று வரவைப் பார்க்கும் உரிமையாவது தமக்கு வேண்டும் என்று அந்தப் பெண் கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

மருந்தடிக்கும் குத்தகைக்காரர் தம்முடன் நான்கு பேரை அழைத்துப் போகும் நாளில் இன்னொரு மாற்றம் நிகழ்கிறது: அவர் முதலாளியாகிவிடுகிறார். நாட்கூலியைச் சனிக்கிழமை கையில் கொடுத்துவிட்டால் கணக்கு முடிந்தது என்ற பழைய வழக்கம் இங்கே செல்லாது. மாதம் 5,000 ரிங்கிட்டுக்கு மேற்படாத சம்பளத்துக்கு முதலாளி 13 விழுக்காடும் தொழிலாளி 11 விழுக்காடும் இபிஎஃப் என்ற ஊழியர் சேமநிதிக்குக் கட்ட வேண்டும். சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்புச் சந்தாவும் வேலைக் காப்புறுதியும் தனி. குறைந்தபட்சச் சம்பளமான 1,700 ரிங்கிட், ஐந்து பேருக்குக் குறைவான ஆட்களை வைத்திருப்பவர்களுக்கும் 2025 ஆகஸ்டு முதல் பொருந்துகிறது. குத்தகை விலையைப் பேசும்போது பலர் எண்ணெய்ச் செலவையும் கூலியையும் மட்டும் கூட்டிப் பார்த்து, இந்தச் சந்தாக்களை விட்டுவிடுகிறார்கள். விலையில் சேர்க்காததைப் பிறகு எங்கிருந்து கட்டுவது? கட்டாமல் விடுகிறார்கள், ஒருவர் செம்பனைக் காட்டில் விழுந்து அடிபட்ட நாளில் அது வெளியே வருகிறது.

உரிமையாளர் தமக்குத் தாமே தொழிலாளி ஆக முடியாது என்பதால் அவருக்கு இபிஎஃப் கட்ட யாரும் இல்லை. கடையிலிருந்து வீட்டுக்கு எடுக்கும் பணம் சம்பளம் அல்ல, எடுப்பு. அதைச் செலவாகக் காட்டவும் முடியாது. 2017-ஆம் ஆண்டின் சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டப்படி சொக்சோவில் தமக்காகச் சந்தா செலுத்தலாம். வேலையின்போது விபத்து நேர்ந்தால் அது கைகொடுக்கும். இபிஎஃப்பின் ஐ-சாரான் திட்டத்தில் விருப்பச் சந்தா கட்டினால், கட்டியதில் 20 விழுக்காட்டை, ஆண்டுக்கு 500 ரிங்கிட் வரை, அரசாங்கம் சேர்க்கிறது. வாழ்நாள் உச்சவரம்பு 5,000 ரிங்கிட். தோட்டத்தில் வேலை செய்த அப்பாவுக்கு ஐம்பத்தைந்து வயதில் இபிஎஃப் பணம் வந்ததைப் பார்த்து வளர்ந்தவர்கள், சொந்த வணிகத்தில் அது தானாகச் சேராது என்பதை வெகு தாமதமாக உணர்கிறார்கள்.

வருமான வரியிலும் அதே ஒற்றை ஆள்தான். வணிக லாபம் உரிமையாளரின் சொந்த வருமானத்தோடு சேரும். பகலில் தொழிற்சாலையில் வேலை பார்த்து மாலையில் பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் கடை போடுபவர் கூட, சம்பளக்காரருக்கான பிஇ பாரத்தை விட்டு, வணிக வருமானம் உள்ளவருக்கான பி பாரத்தை நிரப்ப வேண்டும். கெடு ஜூன் 30. அடுத்த ஆண்டிலிருந்து சிபி500 என்ற தவணை நோட்டீஸ் வரும், இரண்டு மாதத்துக்கு ஒரு முறையென ஆறு தவணைகள். வியாபாரம் படுத்துவிட்டால் அந்தத் தொகையைக் குறைக்கச் சொல்லி விண்ணப்பிக்கலாம் என்பது பலருக்குத் தெரியாததால், வராத லாபத்துக்கு முன்பணம் கட்டித் தவிக்கிறார்கள்.

கணக்கை ஏழு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. தோட்டப்புறக் கடையின் கணக்கு எப்படிப்பட்டது என்று பார்த்தால் இதன் சிரமம் புரியும். கல்லாவுக்குப் பக்கத்தில் ரப்பர் வளையம் போட்டுக் கட்டிய ‘555’ என்ற சிறு கடன் நோட்டுகள் ஓர் அடுக்கு, வீட்டுக்கு ஒன்று. அட்டையில் பெயருக்குப் பதில் ‘மேட்டு வீட்டு அக்கா’, ‘லோரி அண்ணன்’ என்று எழுதியிருக்கும். அரிசி, மைலோ, ரொட்டி, பேனடோல் எல்லாம் தேதி போட்டும் போடாமலும் ஏறும். சம்பள நாளன்று பாதி அடித்துவிட்டு, மீதி அடுத்த பக்கத்துக்குப் போகும். கடைக்காரருக்கு அது நம்பிக்கையின் கணக்கு. வரிச் சட்டத்துக்கோ அந்தப் பக்கங்களில் இருப்பது வருமானம்: சரக்கு கடனுக்குப் போன நாளிலேயே அது விற்பனை, பணம் கைக்கு வந்ததா என்பது வேறு கேள்வி. வராக்கடனைக் கழிக்க முடியும், ஆனால் பொத்தாம்பொதுவாக அல்ல. இன்னாரிடம் இவ்வளவு நிற்கிறது, கேட்டும் வரவில்லை, வர வாய்ப்பில்லை என்று ஒவ்வொன்றாகக் காட்ட வேண்டும். வாங்கியவர் ஊரைவிட்டே போயிருப்பார், நோட்டில் அவருடைய முழுப்பெயர் கூட இருக்காது. நோட்டின் முதல் பக்கத்தில் பெயரும் அடையாள அட்டை எண்ணும் எழுதிக்கொள்வதும், மாதக் கடைசியில் மொத்தப் பாக்கியைத் தனித்தாளில் எழுதிக் கைப்பேசியில் படமெடுத்து வைப்பதும் போதும், இந்தச் சிக்கலில் பாதி தீரும்.

முதலுக்குப் பணம் வரும் வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அரசுக் கடனுதவி நிறுவனமான தெக்குன் நேஷனலில் இந்தியச் சமூகத்துக்கென ஸ்பூமி திட்டம் உள்ளது. சிறுகடன் அமைப்பான அமானா இக்தியார் இந்தியப் பெண்களுக்கான ‘பென்’ என்ற கடனைத் தருகிறது. இவை மானியம் அல்ல, திருப்பிக் கட்ட வேண்டிய கடன். ஊரில் கூட்டு (சீட்டு) பிடித்து முதல் சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் 1971-ஆம் ஆண்டின் தடைச் சட்டப்படி கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்வது குற்றம். பிடித்தவர் ஓடிவிட்டால் அதிகாரபூர்வமாக முறையிட வலுவான இடமும் இல்லை. உரிமமின்றி வட்டிக்கு விடும் ஆலோங்கைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

வணிகம் வளர்ந்தால் செண்டிரியான் பெர்ஹாட்டாக மாற்ற வேண்டுமா என்று கேட்பார்கள். தனிநபர் வரியில், வரிக்குரிய வருமானம் 100,000 ரிங்கிட்டைத் தாண்டிய பகுதிக்கு 25 விழுக்காடு. தகுதி பெற்ற சிறு நிறுவனத்துக்கு முதல் 150,000 ரிங்கிட்டுக்கு 15 விழுக்காடு. இந்த இடைவெளியைப் பார்த்து உடனே ஓட வேண்டாம். நிறுவனப் பதிவுக்கு 1,000 ரிங்கிட் ஒரு தடவைதான், நிறுவனச் செயலாளருக்கும் ஆண்டறிக்கைக்கும் கணக்கருக்கும் ஆண்டுதோறும் செலவு உண்டு. நிறுவனப் பணத்தை வீட்டுச் செலவுக்கு எடுப்பதும் முன்போல் இஷ்டத்துக்கு முடியாது. பொறுப்புக்கு வரம்பு வரும் என்பதிலும் ஒரு கொக்கி இருக்கிறது: சிறு நிறுவனத்துக்குக் கடன் தரும் வங்கி, இயக்குநரிடம் சொந்த உத்தரவாதம் கேட்கும், கையெழுத்துப் போட்டதும் அந்தக் கடனுக்கு அவர் வீடு மறுபடியும் பொறுப்பாகிவிடுகிறது. வழக்கு வரக்கூடிய தொழிலான பேருந்து ஓட்டுதல், கட்டுமானம், பெருவிருந்துச் சமையல் போன்றவற்றுக்கு நிறுவனம் தகும். மளிகைக்கும் தையலுக்கும் லாபம் உயரும்வரை தனிநபர் வணிகமே போதும்.

உரிமையாளர் இறந்தால் என்ன ஆகும் என்பதை நம் ஊரில் பேசத் தயங்குகிறார்கள். வணிகத்துக்குத் தனி உயிர் இல்லாததால், வங்கிக் கணக்கு அவருடைய சொத்தின் பகுதியாகி முடங்கும். மகன் கடையைத் திறந்து வைத்திருந்தாலும், தோட்ட அலுவலகம் போட்ட பணத்தை எடுக்க அவருக்கு அதிகாரம் இராது. ஊராட்சி உரிமமும் இறந்தவரின் பெயரிலேயே நிற்கும். வீடோ நிலமோ இருந்தால் சிறு சொத்துப் பங்கீட்டுச் சட்டப்படி நில அலுவலகத்துக்குப் போகலாம். அசையாச் சொத்து இல்லாமல் பணமும் வாகனமும் மட்டும் 600,000 ரிங்கிட்டுக்குள் இருந்தால் பொது அறங்காவலர் நிறுவனமான அமானா ராயா மூலம் தீர்க்க வழியுண்டு. இரண்டுக்கும் காலம் பிடிக்கும், அதுவரை சரக்குக்காரர் காத்திருக்க மாட்டார். உயில் எழுதி நிர்வாகியைப் பெயரிட்டு வைப்பதும், கடை ஓட்டத்துக்குத் தேவையான ஒரு மாதப் பணத்தை மனைவியின் சொந்தக் கணக்கில் தனியாக வைப்பதும் இதற்குள்ள எளிய ஏற்பாடுகள்.

கடையை மூடுகிறவர் கதவை இழுத்துச் சாத்துவதோடு வேலை முடிவதில்லை. மூடிய 30 நாட்களுக்குள் எஸ்எஸ்எம்முக்குத் தெரிவித்துப் பதிவை முடித்துக்கொள்ள வேண்டும். வரி வாரியத்துக்கும், ஆள் வைத்திருந்தால் இபிஎஃப், சொக்சோ அலுவலகங்களுக்கும், உரிமம் தந்த நகராண்மைக் கழகத்துக்கும் தனித்தனியே எழுத வேண்டும். ஓர் அலுவலகத்துக்குச் சொன்னது இன்னொன்றுக்குத் தானாகப் போய்ச் சேர்ந்துவிடும் என்று நம்பியிருந்தால், கடை மூடிய அடுத்த ஆண்டும் சிபி500 தபாலில் வரக்கூடும்.